இரண்டாம் தடவை கூப்பிட்டபோது

பந்தல்குடி சாலையோரக் கடையில் லாரிச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அண்ணே, நம்ம நிரூபணம் தப்பு" என்றாள் சத்யபிரியா.

காசிராஜன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருவரும் கணினி ஆசிரியர்கள். வகுப்புகள் விட்ட பிறகு உட்கார்ந்து, வருடக்கணக்கில் உழைத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். சாதாரண நிரலில் ஒரு செயற்கூறு, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று எழுதிய சிறு பகுதி, தன் வேலையை முடித்ததும், விடையோடு கூப்பிட்ட இடத்துக்கே திரும்பும். அப்படித் திரும்பாமல், அடுத்துச் செய்யவேண்டிய மிச்ச வேலையையும் முதலிலேயே கையில் வாங்கிக்கொண்டு, விடையை அதனிடமே ஒப்படைக்கும்படி நிரலை மாற்றி எழுதலாம். இவர்கள் கண்டது அதற்கொரு வேகமான வழி. மாற்றினாலும் நிரலின் பொருள் மாறாது என்பதுதான் நிரூபணம். ஒரு மாநாடு கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதை வைத்தே காசிராஜனுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி வேலை கூடிவந்திருந்தது.

"எங்க தப்பு?"

"மிச்ச வேலைய ஒரு தடவதான் கூப்பிடுவாகன்னு நம்மளா நெனச்சுக்கிட்டோம். எடுத்து வச்சுக்கிட்டு ரெண்டாந்தடவ கூப்பிட்டா, மாத்துன நிரல்ல வேற விடை வருது. நேத்து ஓட்டிப் பாத்தேன்."

"அப்பிடி யாரு எழுதப் போறா? மாநாட்டுல படிச்சுப் பாத்தவுகளே கண்டுபிடிக்கல."

"நமக்குத் தெரிஞ்சு போச்சேண்ணே."

"கட்டுரைய நான் திருப்பி வாங்க மாட்டேன்னா?"

ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட இருந்தவளைத் திட்டி உட்கார வைத்தவர் அவர். "என் பேர எடுத்துருவேன். ஏன்னு கேட்டாகன்னா, சொல்லுவேன்."

டீயைக் குடிக்காமலே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்கு அவரே எழுதினார். பெங்களூர் வேலை கைவிட்டுப் போனது. அதன்பின் கல்லூரியில் எதிரே வந்தாலும் முகம் பார்க்காமல் நடந்தார். செய்தது சரிதான் என்று தெரிந்தும் சத்யபிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். மிச்ச வேலையை ஒரே ஒருமுறை கூப்பிடும் நிரல்களுக்காவது நிரூபணம் நிற்குமா என்று காலி வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் காசிராஜன் நின்றார்.

"இந்த வரி எப்பிடி வந்துச்சு?"

அவள் விளக்கினாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "நிபந்தனைய மொதல்லயே சொல்லிரு. இந்தத் தடவயும் நம்மளா நெனச்சுக்கிட வேணாம்" என்றார்.

வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. மணி அடித்ததும் போய்விட்டார். கோபம் தீர்ந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மறுநாளும் வந்தார்.