மழைமானிக்குக் கட்டிய ஓலை

காலையில் மழைமானியைப் பார்க்கப் போனால் அதன் கழுத்தில் நமெலே மரத்து ஓலை தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தன்னா தீவில் ஓலை கட்டின பொருளை, கட்டினவரே அவிழ்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் பன்றி தண்டம். என்னிடம் இருப்பது ஒரே பன்றி, அதுவும் மகன் கல்யாணத்துக்கு நேர்ந்துவிட்டது.

யார் கட்டினது என்று விசாரிக்க வேண்டியதில்லை. என் பெண்டாட்டி லிஸ்பெத்தின் அண்ணன் நிக்கியாவ்தான். எங்கள் பக்கத்துக்கு மழை வரவழைக்கிற உரிமை அவர் பரம்பரைக்கு. கழுவினால் மழை வரும் என்கிற மழைக்கல் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

தினமும் எவ்வளவு மழை என்று பார்த்து தலைநகர் வீலாவில் இருக்கிற வானிலை ஆபீசுக்குப் போனில் அனுப்புவது என் பொறுப்பு. கொப்பரை மூட்டை சுமந்து தோள் தேய்ந்து, தலை நரைத்தபிறகு நான் எண்ணும் எழுத்தும் படித்ததே இதற்காகத்தான். எண் வருவது நின்றால் மழைமானியைப் பிடுங்கி வேறு ஊரில் நட்டுவிடுவார்கள். அப்புறம் நான் பழையபடி வெறும் கொப்பரைக்காரன்.

நிக்கியாவ் வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், என் குழாய்க்கு மாலை போட்டிருக்கீங்க?"

"குழாய் உன்னுது மாப்ளே. அதுல விழுற தண்ணி யாருது?"

"வானத்துது."

"வானத்துக்கு யாரு சொல்றது?"

கிழங்கையும் கத்தியையும் கீழே வைத்தார்.

"ஆலமரத்தடியில அத்தன பேரு முன்னாடி போனைப் பாத்துப் படிச்சியே, இந்த வருஷம் மழை கம்மின்னு. வீலாக்காரன் என்னை ஒரு வார்த்தை கேட்டானா? நான் கம்மி பண்றேன்னு சொன்னேனா?"

"கடல் சூடு மாறியிருக்காம் மச்சான். அத வச்சுச் சொல்றாங்க."

"கடலைப் பத்தி மீன்காரன்கிட்ட சொல்லச் சொல்லு. மழை என் இலாகா."

லிஸ்பெத்தை விட்டுக் கேட்கவைத்தேன். "உன் மழையில என் துணி காஞ்சு எத்தன நாளாச்சு தெரியுமாண்ணே? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லு," என்று அவள் சண்டைக்குப் போய்விட்டாள். காரியம் இன்னும் கெட்டது.

தொடாமல் எட்டிப் பார்க்கலாம் என்றால் மேலே புனல் மறைக்கிறது. அந்த வாரம் பார்த்து மழையும் பெய்தது. என்னால் ஒரு எண்கூட அனுப்ப முடியவில்லை. சாயங்காலம் ஆண்கள் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில் நிக்கியாவ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்மியாம்ல, கம்மி?"

"நல்ல மழைதான் மச்சான். வீலாவுக்குத்தான் தெரியாது. கீழ நௌக்காவோட ஊர்ல இருக்கிற குழாய்க்கு ஓலை கட்டல. மாசக் கடைசியில ரேடியோவுல அவரு மழைய வாசிப்பாங்க. நம்ம ஊர்ப் பேரு வராது."

நௌக்காதான் கடற்கரை ஊரின் மழைக்காரர். இவருக்கு ஜென்ம விரோதி. நிக்கியாவ் கையிலிருந்த கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்.

"அவன் பெய்ய வைக்கிறதே என் மழைதான்டா. என் மேகத்தை இழுத்துக்கறான்."

"ரேடியோவுக்கு அது தெரியாதே மச்சான்."

மறுநாள் எனக்கு முன்பே மழைமானிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஓலை கையில். நான் சேர்ந்திருந்த தண்ணீரை அளந்தேன்.

"எவ்வளவு?"

"பதினெட்டு மில்லி."

"அம்பதுல்ல சொல்லியிருந்தேன்? அம்பதுன்னு போடு."

"பதினெட்டுதான் இருக்கு மச்சான்."

அவரே குனிந்து பார்த்தார். "சரி, பதினெட்டே போடு. மீதி திருட்டுப் போச்சுன்னு பக்கத்துல எழுது."

போனில் அதற்கு இடமில்லை என்றேன். வீலாக்காரனுக்கு வேலை தெரியவில்லை என்றார். பல நாள் மழையை ஒன்றாக அளந்தது என்று குறித்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். மழைமானி ஊரிலேயே நின்றது.

அதன்பிறகு வீலாக்காரன் சொன்னபடியே வானம் காய்ந்தது. தினமும் சைபர். தினமும் நிக்கியாவ் கூடவே வந்தார்.

"யாராச்சும் கேட்டா நான் ஓய்வுல இருக்கேன்னு சொல்லு."

ஒருநாள் கிழங்குக் கொடியெல்லாம் வாடிக் கிடக்க, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அடுத்து எப்பன்றான் அவன்?"

"வர்ற வாரம் இருக்கலாமாம்."

"நானும் அதத்தான் நெனச்சிருந்தேன். கல்லைக் கழுவிடறேன்."

கழுவினார். மழையும் வந்தது.

ஓலை இப்போதும் மழைமானியில்தான் இருக்கிறது. அவர் அவிழ்ப்பார், நான் அளப்பேன், அவர் திரும்பக் கட்டுவார். ஆடு, பிள்ளைகள், நௌக்கா ஆள் யாரும் கிட்டே வருவதில்லை. நான் எழுந்திருக்க நேரமானால் வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறார்: "என்ன மாப்ளே, என் மழையைக் காத்திருக்க வைக்கிற?"