ஆறு மணி மிஸ்டு கால்

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு இரண்டு தரம் நழுவிவிட்டது. மூன்றாம் தரம் இறுக்கும்போது, பாயில் மனைவி வேண்டாவின் பக்கத்தில் கிடந்த அவளுடைய செல் அடித்தது. கோதண்டராமன் அதை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் போட்டுவிட்டு, முடிச்சை முடித்தார்.

அரை மணிக்கு முன்னால்தான் தண்ணீர் கேட்டாள். மொண்டு வந்து பார்த்தால் வாய் திறந்தபடி கிடந்தாள். நாற்பத்தாறு வருஷக் குடித்தனம், ஒரு சொம்பு தண்ணீர் மொள்ளும் நேரத்தில் முடிந்துபோயிருந்தது.

தினம் காலை ஆறு மணிக்கு அந்த செல் அடிக்கும். இரண்டாவது அடியில் வேண்டா கட் பண்ணுவாள். யாரென்று கேட்டால், “வேண்டியவங்க” என்பாள். லோன் வேணுமா என்று கேட்கிற பிராடுகள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். செல்லில் பேசுகிற எவனையும் அவர் நம்புவதில்லை. நேரில் பேசுகிறவனையும் பெரும்பாலும் நம்புவதில்லை.

பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். மாஸ்க் தாடையில் தொங்கியது.

“அண்ணாத்த, தூக்கறதுக்கு நாலு பேரு சொல்லிட்டேன். ஆனா பன்னண்டுக்குள்ள எடுத்துடணும்ன்றாங்க.”

“இன்னாத்துக்கு அவ்ளோ அவசரம்? அவளுக்கு ஜுரமா, இருமலா? சுகரு எகிறிச்சி, மாரு அடச்சிச்சி. அவ்ளோதான்.”

“எனக்குத் தெரியும். ஊரு நம்பணுமே. இப்ப எதுல செத்தாலும் கொரோனான்றானுங்க.”

“குளிப்பாட்டறதுக்கு?”

கோபாலகிருஷ்ணன் தெருமுனையைப் பார்த்தார். ட்ரான்ஸ்பார்மர் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எட்ட நின்றே அழுதுகொண்டிருந்தார்கள்.

“ஒருத்தியும் கிட்ட வரமாட்டன்றா. என் வூட்டுக்காரியே மாட்டன்றா. நீயே ரெண்டு கொடம் ஊத்திடு. யாரு இன்னா கேக்கப்போறா?”

“அவ கேப்பா” என்று கோதண்டராமன் உள்ளே கை காட்டினார்.

பெண்ணின் உடம்பைப் பெண்கள்தான் குளிப்பாட்டி மஞ்சள் பூசி அனுப்ப வேண்டும். அங்கே நின்று அழுதவர்களில் மூன்று பேருடைய மாமியார்களுக்கு வேண்டாதான் தண்ணீர் ஊற்றினாள். அவளுக்கு ஊற்ற ஆளில்லை.

எட்டு மணிக்கு மகள் ரேணுகா அவருடைய செல்லில் கூப்பிட்டாள். கேளம்பாக்கத்தில் அவளுக்கும் புருஷனுக்கும் பாசிடிவ், வர வழியில்லை. அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“அமிர்தவல்லி அத்தைக்கு சொன்னியா, நைனா?”

“அவளுக்கு இன்னாத்துக்கு?”

“காலையில ஆறு மணிக்கு அம்மா செல்லு அடிச்சிச்சா?”

“அடிச்சிச்சி. கட் பண்ணேன்.”

ரேணுகா தலையில் அடித்துக்கொள்வது செல்லில் கேட்டது.

“அது அத்தைதான். போன வருஷம் லாக்டவுன்லேர்ந்து அடிக்குது. கட் பண்ணா, நல்லா கீறேன்னு அர்த்தம். அம்மா நல்லா கீதுன்னு நீயே சொல்லிட்டியே, நைனா.”

“கட் பண்ணலன்னா?”

“முழுசா அடிச்சி ஓஞ்சிச்சின்னா, இன்னா ஏதுன்னு கேக்காம கெளம்பி வந்துடணும். ரெண்டு பேருக்கும் அப்பிடித்தான் பேச்சு. எங்கிட்ட அது நம்பர் இல்ல. நீதான் பேசணும்.”

அமிர்தவல்லி இருப்பது சவுக்குத் தோப்பு தாண்டிப் பக்கத்து ஊர். அவளும் வேண்டாவும் பாவாடை கட்டின நாளிலிருந்து ஒன்றாய்க் கடலை பிடுங்கியவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவர் நிலத்தில் கடலை ஆய்ந்துவிட்டு ஆட்கள் கிளம்பும்போது, அவள் மடி உப்பியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. “மடிய உதறு” என்றார். எல்லார் முன்னாலும் உதறினாள். ஒரு வெற்றிலைப் பையும் ஒரு சாவியும் விழுந்தன. பொறுக்கிக்கொண்டு போனவள் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. வேண்டா ஒரு வாரம் அவருக்குச் சோறு போட்டாள். பேச்சு போடவில்லை.

வேண்டாவின் செல்லை எடுத்து, கடைசியாக வந்த நம்பரை அழுத்தினார். என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள், இரண்டாவது அடியில் கட் ஆனது. மறுபடி அழுத்தினார். மறுபடி கட்.

“பாத்தியா உன் கூட்டாளி திமிர” என்றார் வேண்டாவிடம்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் திமிரில் கட் பண்ணவில்லை. நல்லா கீறேன், நல்லா கீறேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கையிலேயே செல் அடிக்க ஆரம்பித்தது. ஒரே காலையில் இத்தனை தரம் ஏன் என்று அவளுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பச்சையை அமுக்கினால் பேச வேண்டும். பேசினால் முதலில் அந்த மடி விஷயத்தைப் பேச வேண்டும். சிவப்பை அமுக்கினால் வேண்டா நன்றாக இருக்கிறாள்.

செல்லைப் பாயில், வேண்டாவின் கைப்பக்கம் வைத்தார். அது முழுசாக அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

“அண்ணாத்த, செல்லு அடிக்குது பாரு!” என்று வேலியிலிருந்து கோபாலகிருஷ்ணன் கத்தினார்.

“அடிக்கட்டும்.”

எழுந்து போய்த் தோட்டத்து அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, சவுக்கு மிளாறுக் குச்சிகளைப் பற்றவைத்தார். அவள் வருவாள் என்று அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. தண்ணீர் எப்படியும் காய வேண்டும்.

பத்தேகாலுக்கு அமிர்தவல்லி வந்தாள். ரோட்டில் போலீஸ் நிற்கிறது என்று தோப்புக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறாள். புடவையெல்லாம் சவுக்குச் சருகு. மூக்கையும் வாயையும் மூடி ஈரத் துண்டு கட்டியிருந்தாள். வேண்டாவின் கட்டிய கால் விரல்கள் வாசலிலிருந்தே தெரிந்தன. வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றாள்.

“உள்ள வரட்டா, அண்ணே? இல்ல, மடிய இங்கயே உதறிட்டு வரணுமா?”

கோபாலகிருஷ்ணன் வேறு பக்கம் பார்த்தார். கோதண்டராமன் படலைத் திறக்கப் போனார். அது மண்ணில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து, படலையே கழற்றி வேலியில் சாய்த்தார்.

“தண்ணி காய்ஞ்சிடுச்சி” என்றார்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. “காலையில கட் பண்ணியேடி. நல்லா கீறேன்னு சொன்னியேடி.”

அவர் அடுப்பில் மிளாறைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ட்ரான்ஸ்பார்மர் பக்கமிருந்து கோபாலகிருஷ்ணனின் மனைவி வரலட்சுமி, இழைத்த மஞ்சள் கிண்ணத்தோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

பன்னிரண்டுக்கு எடுத்தார்கள்.

மறுநாள் காலை வீட்டில் அவர் மட்டும்தான். தானே டீ போட்டார். சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாமல் அப்படியே குடித்தார். படல் இன்னும் வேலியிலேயே சாய்ந்திருந்தது.

ஆறு மணிக்கு வேண்டாவின் செல் அடித்தது. கையில் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவது அடி முழுசாக அடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, சிவப்பை அமுக்கினார்.

சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. வேண்டா ஒயரை எங்கே வைத்திருப்பாள் என்று அலமாரியில் தேட ஆரம்பித்தார்.