புயலுக்கு மூச்சு வாங்கியது

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் புயல். விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்த மூலையில் அவள் அதட்டினால் அந்த மூலையில் நடப்பவன் ஓடுவான். புற்றுநோய் வந்து மார்பில் ஒரு பக்கத்தை எடுத்தபோதும் அசரவில்லை. தலைமுடி மொத்தமும் கொட்டியபோது, "இனிமே என் முடிய யாரும் பிடிக்க முடியாது" என்று ஆசிரியர் அறையையே சிரிக்க வைத்தவள்.

முடி வளர்ந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் ஓர் ஊசி மட்டும் தொடர்ந்தது. நோய் திரும்பாமல் காவல் காக்கிற ஊசி என்றார் டாக்டரம்மா. சிலருக்கு அது இதயத்தைத் தளர்த்திவிடும். அதனால் அவ்வப்போது எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே சொல்லிவிட வேண்டும், ரொம்பத் தளர்ந்தால் ஊசியை நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை அவள் மனசில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் எடுத்த எக்கோவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் மூச்சு இரைத்தது. வெயில் என்று நினைத்தாள். மழை நாளிலும் இரைத்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே டிரில் நடத்தத் தொடங்கினாள். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது.

பிள்ளைகளை ஏமாற்றலாம். வீட்டில் கூடவே இருக்கும் தங்கையை எப்படி ஏமாற்றுவது? துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் அவள். வீங்கிய கால் எப்படியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்கடி. நிறுத்தினா அது திரும்ப வந்துடும்."

"இதயம் நின்னு போனா மட்டும் பரவாயில்லையா, அக்கா?"

"அது சட்டுனு போயிடும். இது எப்படிக் கொல்லும்னு நான் கேன்சர் வார்டுல பாத்துட்டேன்."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்கிற கதைதான்.

அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரம்மா வழக்கம்போல் விசாரித்தார். நன்றாக இருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள் அக்கா. பக்கத்தில் இருந்த தங்கை தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"பொய் சொல்றா டாக்டர். படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்துக்கிட்டேதான் தூங்கறா."

எக்கோவுக்கு இன்னும் நாளிருந்தது. அன்றைக்கே எடுக்கச் சொன்னார்கள். நெஞ்சின் இடது பக்கத்தில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டிருந்த பெண், நடுவில் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போதே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊசி நின்றது. இதயத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். தேறினால் மறுபடி தொடங்கலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அக்கா தங்கையிடம் சொன்னாள்: "என் கழுத்த அறுத்துட்ட."

இதயம் கொஞ்சம் தேறியது. ஊசியைத் தாங்கும் அளவுக்குத் தேறவில்லை. அதற்குள் இடுப்பில் வலி வந்தது. எலும்புக்குப் பரவிவிட்டது என்றார்கள். தங்கை முகத்தில் ஈயாடவில்லை. ஊசியை நிறுத்தாமல் இருந்திருந்தால் வந்திருக்காதா என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாள். சொல்ல முடியாது என்றார் அவர். ஊசி போட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது. விடாமல் போட்டிருந்தால் அதற்கு முன்பே இதயம் நின்றும் போயிருக்கலாம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு கரையேற முடியவில்லை.

அன்று மாலை தங்கை சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். கட்டிலில் கிடந்த அக்காவுக்குக் கேட்டது. உன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மனசு இருந்தது. ஆனால் நெஞ்சின் ஓர் ஓரம் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொய்யாகச் சொன்னால் தங்கை கண்டுபிடித்துவிடுவாள்.

"குழாய மூடு. தண்ணி வீணாப் போகுது" என்றாள்.

குழாய் நின்றது. அதன் பிறகு அழுகைச் சத்தமும் வரவில்லை.