வாய்விட்டுச் சொன்ன நான்கு எண்கள்

அந்தத் தையல் கடையில் அக்கா எண்ணைச் சொல்வாள், தங்கை எழுதுவாள். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். வந்தவரின் இடுப்பில் டேப்பைப் பிடித்து அக்கா "முப்பத்தாறு" என்றால், மேசையிலிருந்து தங்கை "முப்பத்தாறு" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வாள். எதற்கு, ஏன் என்று இருவரும் கேட்டுக்கொள்வதே இல்லை. அந்தப் பழக்கம்தான் அன்று கடையையே கவிழ்க்கப் பார்த்தது.

அன்று இருவருக்கும் தலைகால் புரியவில்லை. பெண்கள் பாட்டுக்குழு ஒன்று அறுபத்திரண்டு உடைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. சனிக்கிழமை மேடை! அத்தனை பெண்களின் அளவும், போன் நம்பரும், வீட்டு விலாசமும் கடை மெயிலில் இருந்தன. வேறெங்கும் இல்லை. அச்சடித்து வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

காலை பத்தரைக்கு ஒரு மெயில் வந்தது. 'உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அழிக்கப்படும். காப்பாற்ற இங்கே அழுத்துங்கள்.' தங்கை பதறிப்போய் அழுத்திவிட்டாள். பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பக்கம் திறந்தது.

"அக்கா, அளவெல்லாம் போயிடுமாம்!"

"நல்லாப் பாருடி. ஏமாத்து வேலையா இருக்கப்போகுது."

"மேல பூட்டு படம் இருக்குக்கா. பூட்டு இருந்தா பாதுகாப்புன்னு எல்லாரும் சொல்றாங்களே!"

பாஸ்வேர்டை அடித்தாள். அடுத்து ஆறு இலக்க ஓடிபி கேட்டது. அது வருவது அக்காவின் போனுக்கு. அக்காவோ ஒரு கம்ப்யூட்டர் டீச்சருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்பர் வந்திருக்கும், சொல்லு!"

கேட்டதுதான் தாமதம், போனை எடுத்த அக்காவின் பழகிய வாய் திறந்துகொண்டது. "நாலு."

"நாலு."

"ஒன்பது, ஏழு."

"ஒன்பது, ஏழு."

"ரெண்டு..."

"ஐயையோ, நிறுத்துங்க!"

கையைத் தூக்கியபடி நின்ற டீச்சர் போட்ட சத்தத்தில் அக்காவின் போன் கீழே விழுந்தது. டீச்சர் கழுத்தில் டேப் தொங்க ஓடிவந்து திரையைப் பார்த்தார்.

"மேல விலாசத்தப் படிங்க. உங்க மெயில் கம்பெனி பேரா இது?"

இல்லை. கேள்வியே படாத ஏதோ ஒரு பெயர்.

"ஆனா பூட்டு இருக்கே டீச்சர்..."

"பூட்டுன்னா அந்த விலாசத்துக்கு ஒரு சான்றிதழ் இருக்குன்னு அர்த்தம். நீங்க அடிக்கிறத வழியில யாரும் ஒட்டுக்கேக்க முடியாது. அவ்வளவுதான்! அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவன் யோக்கியனான்னு அது சொல்லாது. திருடனும் தன் சைட்டுக்கு ஒண்ணு வாங்கிக்கலாம். பாஸ்வேர்ட் அவன்கிட்ட போயாச்சு. சொல்லாத ரெண்டு நம்பர்தான் உங்களக் காப்பாத்திட்டு இருக்கு. சீக்கிரம்!"

பிறகு பார்க்க வேண்டுமே! அந்தப் பக்கத்தை மூடி, மெயில் விலாசத்தைத் தாங்களே அடித்து உள்ளே போனார்கள். தங்கை அடிக்க, அக்கா "வேகமா, வேகமா" என்று அவள் உயிரை வாங்க, ஒருவழியாகப் பாஸ்வேர்ட் மாறியது. அறுபத்திரண்டு பேரின் அளவுகளும் அப்படியே இருந்தன. தங்கை அழுதாள், சிரித்தாள், முதல் வேலையாக எல்லாவற்றையும் அச்சடித்தாள்.

அப்போது போன் அடித்தது. "மேடம், மெயில் கம்பெனிலேருந்து பேசறோம். உங்களுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க, இல்லன்னா மெயில மூடிடுவோம்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

தங்கை பாய்ந்து வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"எழுதிக்கோங்க. இந்தக் கடையில துணி அளவத்தான் வாய்விட்டுச் சொல்லுவோம். ஓடிபிய யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். வைடா போன!"

பிறகு தங்கையிடம் திரும்பினாள். "பூட்டப் பாத்து ஏமாந்தது நீ. எதுக்குன்னு கேக்காம நம்பர் சொன்னது நான். இனிமே விலாசத்தப் படிக்காம நீ எதையும் அடிக்காத. எதுக்குன்னு கேக்காம நானும் வாயத் திறக்க மாட்டேன்."

டீச்சர் மறுபடியும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா டேப்பைப் பிடித்து, "பதினஞ்சு" என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டாள் தங்கை.