ஓபன் பேப்பர்

சுந்தரலிங்கம் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள சிறு தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தைத் தன் லொறியில் ஏற்றி ஃபெக்டரியில் கொட்டுவது அவர் தொழில். எடை கூட்டச் சாக்கில் தண்ணீர் தெளிக்கவில்லை என்று கொழுந்துக்காரர்கள் சாமி மேல் சத்தியம் செய்தாலும், கையை அடிவரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் லொறியில் ஏற்றுவார். ஃபெக்டரித் தராசும் அவருக்குக் கள்ளத் தராசுதான்.

அப்படிப்பட்டவரிடம் மகன் அஜந்தன் ஒரு கதையோடு வந்தான். கொடகவெலயில் பழைய வாகனம் விற்கும் அப்துல் ரஸாக் நானாவிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. லொறியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினால் கல்யாண வாடகைக்கு விடலாம்.

"இஞ்சின் போச்சுன்னா சாமானுக்கு எங்கடா போவ? லொறிய வித்த காசு ஒரு கியர்பொக்ஸுக்குக் காணாது."

"கம்பெனி வாரண்டி இன்னும் ரெண்டு வருஷம் இருக்குப்பா. எது போனாலும் அவங்க பொறுப்பு."

"அந்த வாரண்டிய நானே கேட்டுப் பாக்குறேன். அதுக்கப்புறந்தான் லொறி நம்ம கைய விட்டுப் போகும்."

இருந்தாலும், திரும்பத் திரும்ப அலையாமல் இருக்கலாம் என்று மகன் நீட்டியபோது, லொறியின் விற்பனைத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்குபவன் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பெற்ற மகனையும் சந்தேகப்பட்டால் தின்கிற சோறு உள்ளே இறங்குமா?

லொறி டயர் கடையில் நிற்கிறது என்று அஜந்தன் சொன்னதால், காரைப் பார்க்க இருவரும் பஸ்ஸில்தான் கொடகவெலக்குப் போனார்கள்.

கார் பளபளவென்று நின்றது. ரஸாக்கின் சிரிப்பும் பளபளவென்றுதான் இருந்தது. அதைப் பார்த்ததுமே சுந்தரலிங்கம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வாரண்டி எவ்வளவு காலம் இருக்கு ரஸாக் நானா?"

"அதான் ரெண்டு வருஷம்னு சொன்னேனேப்பா," என்று அஜந்தன் குறுக்கே விழுந்தான்.

"நீ வாயப் பொத்து. விக்கிறவன் வாயத் தொறக்கட்டும்."

ரஸாக் அஜந்தனை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சுந்தரலிங்கம் காரின் சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு கொழும்புக் கம்பெனிக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

கம்பெனிப் பெண் சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினாள். கார் இன்னும் முதல் சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது. விற்றபோதே கம்பெனிக்கு அறிவித்து, காரைக் காட்டி, வாரண்டியைப் புதியவர் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். யாரும் வரவில்லை. அதனால் வாரண்டி செல்லாது மஹத்தயா.

சுந்தரலிங்கம் போனை மடியில் சொருகினார். "கள்ளப் பயலே. லொறிக்காரன் தானே, ஏமாத்திரலாம்னு பாத்தியா?"

ரஸாக்கின் முகம் சுருங்கியது. "வயசான மனிசன், அதால பொறுக்கிறன். வாரண்டி இருக்கெண்டு நான் எப்ப சொன்னன்? வாங்கினவன் பேரெழுதாத ஓபன் பேப்பர்ல மூணு கை மாறின வாகனம், ஒருத்தனும் தன்ட பேருக்கு மாத்தல்ல, வாரண்டி செத்துப்போச்செண்டு ஒங்கட மகனுக்கு மொத நாளே சொன்னன். அதாலதான் இந்த வெல. வாப்பாக்கிட்ட நானே சொல்லிக்கிறன், நீங்க வாயத் தொறக்காதீங்கண்டு கேட்டதும் ஒங்கட மகன்தான்."

அஜந்தன் கார்க் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உண்மையாடா?"

"சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?"

சுந்தரலிங்கம் ரஸாக்கைப் பார்த்தார். கள்ளன் என்றதற்கு மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகனைத்தான் கூப்பிட்டார்.

"சரி, கெளம்பு. டயர் கடைக்குப் போய் லொறிய எடுப்போம்."

"லொறி அங்க இல்லப்பா." அஜந்தன் திரும்பவே இல்லை. "காலையிலயே கலவானக்காரன் ஒருத்தனுக்கு வித்துட்டேன். நீங்கதானே கையெழுத்து வச்சீங்க. அந்தக் காசு ரஸாக் நானா கைக்குப் போயிருச்சு."

"காருக்கெண்டுதான் வாங்கினன்," என்றார் ரஸாக். "வேணாமெண்டா இப்பவே திருப்பித் தாறன். கலவானக்காரனோட பேசிப் பாருங்க."

"வேணாம் நானா," என்றான் அஜந்தன். "கார் எனக்குத்தான்."

சுந்தரலிங்கம் ரோட்டுக்கு வந்து, ஊர் திரும்ப பெல்மதுளை பஸ்ஸுக்கு நின்றார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கார் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. "ஏறுங்கப்பா." அவர் எதிர்ப்பக்கக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார் உறுமிக்கொண்டு போய்விட்டது.

பிறகு போனை எடுத்து, லொறி நிற்கும் முதல் வளைவில் கொழுந்து போடும் சீதாதேவியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு லொறி வராது. மத்த ஆளுங்களுக்கும் சொல்லிரு. வேற யாருக்காவது கொழுந்தக் குடுங்க."

"என்னாண்ணே, லொறி ஒடைஞ்சு போச்சா?"

"இல்ல," என்றார். "லொறி நல்லாத்தான் ஓடுது."