ஐம்பத்து நாலு நாள்

தம்பிக்கு அழைப்பிதழைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் அழகுசுந்தரம் படங்களைப் பார்த்தார். காரைக்குடியில் அவர் குடியிருப்பது பொது வீடு, தாத்தா கட்டியது. அவருக்கும் தம்பி தேனப்பனுக்கும் சரிபாதி. பொது வீட்டில் காதுகுத்து என்றாலும் கண்காட்சி என்றாலும் பங்காளிக்குச் சொல்லாமல் நடத்தக் கூடாது. முறை தவறாத மனிதர் அவர். அதனால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

2020 மார்ச்சில் பத்து நாள் முகாம் என்று நான்கு ஓவியர்கள் அந்த வீட்டில் வந்து தங்கினார்கள். பின்னாலேயே ஊரடங்கு வந்தது. ஐம்பத்து நாலு நாள் எல்லாரும் உள்ளேயே கிடந்தார்கள். ஒரே சமையல், ஒரே பயம். அவருடைய மனைவி மெய்யம்மைக்குச் சிறுநீரகக் கோளாறு; அதனால் மளிகைப் பைகூட ஒரு நாள் வெயிலில் கிடந்த பிறகுதான் உள்ளே வரும். அந்த நாட்களைப் பற்றி வரைந்த படங்களை ஐந்து வருஷம் கழித்து அதே வீட்டில் மாட்ட வேண்டும் என்று நால்வரும் கேட்டபோது, அவர் பெருமையோடு சரி என்றார். என்ன வரைந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

திறப்பு விழாவன்று காலையில் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நால்வரில் ஒருத்தியான நித்யஸ்ரீயின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளிருந்து தெரியும் முகப்புக் கதவு. அதில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓர் ஆள். முதுகுதான் தெரிகிறது. ஆனாலும் அந்த வழுக்கையும் தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டும் அவருடையவை என்று தெருவுக்கே தெரியும்.

அது மே மாதத்தில் ஒரு மத்தியானம். சென்னையில் தனியாக மாட்டிக்கொண்டிருந்த தேனப்பன், அனுமதி வாங்கித் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். வந்தது சொந்த வீட்டுக்கு. அண்ணன் தாழ்ப்பாளையும் எடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. கடைசியில் தம்பி தேவகோட்டையில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் போனில், எல்லாரும் பின்னால் இரண்டாம் கட்டு முற்றத்தில் தூங்கிப்போனோம், காதிலேயே விழவில்லை என்றார் அழகுசுந்தரம். தம்பியும் சரி என்றார். அந்தச் சரியை நம்பித்தான் இந்த ஐந்து வருஷப் போக்குவரத்தும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் கட்டில் உட்கார்ந்து வரைகிறவளுக்கு முகப்பு வரைக்கும் நேராகத் தெரியும் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

அந்த ஒரு படத்தை எடுத்துவிடலாமா என்று நித்யஸ்ரீயிடம் கேட்டார். எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடத்தில் மாட்ட வேறு படம் தன்னிடம் இல்லை என்றாள். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

படத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபோது வாசலில் கார் வந்து நின்றது. வேட்டியைச் சரிசெய்தபடி தேனப்பன் இறங்குவது தெரிந்தது. படத்தை ஏதாவது ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்த நேரம் இருந்தது. அழகுசுந்தரத்துக்குத் தன்னை நினைத்தே கூசியது. இருந்த ஆணியிலேயே மறுபடி மாட்டினார்.

"தேனப்பா, மொதல்ல இதைப் பாரு."

தேனப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இது நீங்கள்தானே என்று கேட்டார்.

"நான்தான். நீ தட்டுனது கேட்டுச்சு. உங்கிட்டப் பொய் சொன்னேன்."

தம்பி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் இப்படி நின்றீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"நீ போற வரைக்கும். பயமா இருந்துச்சுப்பா. மெய்யம்மைக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு…"

"அதை உள்ள இருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா அப்பவே வண்டியத் திருப்பியிருப்பேண்ணே," என்றார் தேனப்பன். "சத்தமே இல்லையா, உள்ள எல்லாருக்கும் என்னமோ ஆகிப்போச்சுன்னு ரெண்டு மணி நேரம் தட்டிக்கிட்டே கெடந்தேன். அப்பறம் அண்ணி உங்களக் காப்பி குடிக்கக் கூப்பிட்டது வெளிய கேட்டுச்சு. உசுரோட இருக்கீகன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கு மேலதான் கெளம்புனேன்."