டேப்புக்குக் கீழே

கான்கிரீட் கொட்டும் ரப்பர் ஹோஸின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நேற்று மாலை அது இல்லை.

பம்ப் ஆப்பரேட்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைத் தடவினாள். வெறுங்கைக்குத்தான் வீக்கம் தெரியும். தெரிந்தது. டேப்பின் முனையை நகத்தால் கிளப்பி உரித்தாள். ரப்பர் வாய் பிளந்திருந்தது. உள்ளே துருவேறிய கம்பி இழைகள் பல்லை இளித்தன.

"யாரு சுத்துனது?"

ஹோஸ் பிடிக்கிற மீசை வானத்தைப் பார்த்தான். "காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சு போல."

தளத்துக்கு ஏறும் ஏணியில் அவளுடைய அண்ணனின் தலை தெரிந்தது. பம்ப் அவனுடையது, அதை ஓட்டுவது தங்கை. கீழே கலவை லாரிகள் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு வரிசையில் நின்றன.

"ஏன் இன்னும் ஆரம்பிக்கல? கலவை இறுகிட்டா யாரு தலையில கொட்டுறது?"

"ஹோஸை மாத்தணும்ண்ணே."

"அடுத்த வாரம் புதுசு வருது. இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு."

"கம்பி தெரியுது. குழாய் அடைச்சுதுன்னா இங்கதான் வெடிக்கும்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன மாசம் அடைச்சப்ப என்ன ஆச்சு?"

"ஹோஸ் துள்ளி மீசையோட ஹெல்மெட் ரெண்டாப் பிளந்துது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சிரிச்சோம். தலைப்பாகை தினமும் காப்பாத்தாதுண்ணே."

"என் தலை கெட்டிதான்," என்றான் மீசை. "ஆனா கைவசம் ஒண்ணுதான் இருக்கு."

கம்பி கட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அண்ணனின் முகம் சுண்டிப்போயிற்று.

"ரிமோட்டைக் குடு. நானே ஓட்டுறேன்."

இடுப்புப் பட்டையில் தொங்கிய ரிமோட் பெட்டியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தூர நின்னு ஓட்ட யாராலயும் முடியும். தைரியம் இருந்தா ஹோஸைப் பிடி. நான் ஓட்டுறேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. 'உன்னால முடியுமா' என்று கேட்டால் போதும், கையை உடைத்துக்கொண்டாவது செய்து காட்டுகிறவன் அவன். பள்ளிக்கூட நாளில் உடைத்துக்கொண்டும் இருக்கிறான்.

அண்ணன் மீசையைத் தள்ளிவிட்டு ஹோஸை மார்போடு அணைத்துக்கொண்டான். பிளவு அவன் காதுக்கு நேராக இருந்தது.

"ம். அமுக்கு."

தளத்தில் எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

"அமுக்குடி! வெறும் வாய்தானா?"

அவள் அமுக்கினாள். சிவப்புப் பொத்தானை. கீழே உறுமிக்கொண்டிருந்த பம்ப் எஞ்சின் செத்தது. பெட்டியை அவிழ்த்து மீசையிடம் கொடுத்தாள்.

"யாரு கேட்டாலும் குடுக்காத."

கம்பிவலையைத் தாண்டிப் போய்க் கம்பி அறுக்கும் மெஷினை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னடி பண்ணப்போற?"

"தள்ளு."

"நான் பிடிச்சிட்டிருக்கேன், தெரியலயா?"

"அதனாலதான்."

"இது என் ஹோஸ்!"

"உன்னோடதுதான். நீ போயிட்டா அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது? டேப் நல்லாத்தான் ஒட்டியிருந்துச்சு அண்ணின்னா?"

மெஷின் அலறியது. அவன் கைகள் தாமாகவே விட்டன. அவன் விலகி நிற்கும்வரை காத்திருந்து, சக்கரத்தைப் பிளவில் வைத்தாள். ரப்பர் புகைந்தது. கம்பியில் பட்டதும் பொறி பறந்தது. ஹோஸின் பாதி, தளத்தின் கம்பிகள் மேல் பொத்தென்று விழுந்தது.

அத்தோடு அவள் நிறுத்தவில்லை. விழுந்ததை மறுபடியும் அறுத்தாள். நீளமாக விட்டுவைத்தால் நாளைக்கு வேறொரு தளத்தில், வேறொரு டேப் சுற்றிக்கொண்டு தொங்கும்.

"நாளைக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத," என்றான் அண்ணன். குரலில் பாதிதான் வந்தது.

"வருவேன். நீ புது ஹோஸோட வா. இல்ல, இன்னொரு பழசு கொண்டு வா, அதையும் அறுக்குறேன்."

கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் அடுத்த துண்டுக்குக் குனிந்தாள்.